அறைக்குள் யார் விட்ட மூச்சு?

அரியலூரில் யாரிடமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் பகலில் ஜன்னல் திறப்பதே இல்லை. பெரம்பலூரில் ஏசி வந்து ஜன்னலைச் சாத்திவிட்டது. சுகாதார ஆய்வாளராக இரண்டு மாவட்டங்களிலும் காசநோய் முகாம்களுக்கு அலைந்தவன் நான். மூடிய அறையைக் கண்டாலே எனக்குக் கவலைதான்.

காசநோய், தட்டம்மை, கொரோனா எல்லாமே காற்றில் பரவுபவை. கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூச்சை அளக்கலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சிலோ 40,000 அளவில் இருக்கும். அறையில் அந்த எண் ஏற ஏற, ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் இழுக்கிறார். 800க்குள் இருந்தால் நல்லது. 1,000ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை.

போன தை மாதம் அரியலூரில் தெரிந்தவரின் டியூஷன் அறைக்கு உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றை எடுத்துப் போனேன். நாற்பது பிள்ளைகள், ரோட்டுப் பக்க ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அரை மணி நேரத்தில் 2,000ஐத் தாண்டியது.

“ஃபேன் ஓடுதே சார்” என்றார் மாஸ்டர்.

ஃபேன் உள்ளே இருக்கிற காற்றைத்தான் சுற்றிவிடும். ஸ்பிளிட் ஏசியும் அதையேதான் குளிரவைத்துத் திருப்பித் தரும்.

“ஜன்னலைத் திறந்தா நோட்டெல்லாம் புழுதி சார்.”

அதுவும் நியாயம்தான். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்தோம். எதிர்ச்சுவரில், உயரே அட்டை வைத்து அடைத்திருந்த வென்டிலேட்டரைப் பிரித்தோம். அவர் கண்ணெதிரிலேயே எண் இறங்கி, கொஞ்ச நேரத்தில் 900க்கு வந்தது. நான் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

தைவானில் தைபே நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 27 பேருக்குக் காசநோய் வந்தது. காற்றோட்டமில்லாத அந்தக் கட்டடங்களில் 3,000ஐத் தாண்டியிருந்த அளவை 600 வாக்கில் இறக்கிய பிறகு பரவல் நின்றது.

நம்மூர் ஆய்வு அதற்கும் மூத்தது. சென்னை சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1956இல் சிகிச்சை ஆய்வு மையமாகத் தொடங்கியது. நோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட அவர் வீட்டாருக்கு அதிகமாக நோய் வரவில்லை என்று அங்கே கண்டார்கள். ஆக, மருந்து தொடங்கியவரைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. இன்னும் சளிப் பரிசோதனைக்கே போகாத இருமல்தான் ஆபத்து. அது எந்த வகுப்பில், எந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லா அறைக்கும் காற்று வேண்டும் என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

வீட்டுக்கு வீடு மீட்டர் தேவையில்லை. பள்ளிக்கு ஒன்று இருந்தால் வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய், எந்த ஜன்னலைத் திறந்தால் எண் இறங்குகிறது என்று சுவரில் எழுதி வைக்கலாம். வாங்கும்போது, கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ளதா என்று கேளுங்கள். சில மலிவுச் சாதனங்கள் அளக்காமல் உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும். முதலில் மொட்டைமாடியில் வைத்துப் பாருங்கள், 420க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். புழுதியை இது அளக்காது. அதற்கு வேறு சென்சார் உண்டு, அரியலூர்ப் பள்ளிகளுக்கு இரண்டுமே தேவை.