பாறை காத்த மீன்

தென்னாப்பிரிக்கக் கடலோர உணவகங்களில் கிங்கிளிப் மீனுக்குத் தனி மதிப்பு. ஹேக் மீனைவிட விலையும் கூடுதல். 1983இல் தொடங்கிய ஒரு மீன்பிடி முறை சில ஆண்டுகளிலேயே இந்த மீன்வளத்தைச் சரித்தது. புதிய மீன்பிடிக் கருவியைச் 'சோதனை' என்ற பெயரில் கடலில் இறக்க நினைக்கும் எந்த அரசும் இந்தக் கதையை முதலில் படிக்க வேண்டும்.

கிங்கிளிப் பார்வைக்கு விலாங்கு போல இருந்தாலும் விலாங்கு இனம் இல்லை. அது சேர்ந்த ஒஃபிடிடே குடும்பத்தில் 200க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கடலடித் தரையை ஒட்டி வாழ்பவை. கிங்கிளிப்பின் முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் வாலோடு ஒன்றிப்போயிருக்கும். வயிற்றுத் துடுப்புகளோ முகவாய்க்கு அடியில் இரண்டு மெல்லிய இழைகளாகத் தொங்கும். தரையைத் தடவி இரை தேட அவை உதவுகின்றன. நமீபியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை வரை, ஏறத்தாழ 50 முதல் 500 மீட்டர் ஆழத்தில் வாழும் இந்த இனம் உலகில் வேறெங்கும் கிடையாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். இருபது ஆண்டுகளைக் கடந்தும் வாழும். பருவமடையவே சில ஆண்டுகள் ஆகும்.

குஞ்சுகள் பெரும்பாலும் சேற்றுத் தரையில் வளர்கின்றன. வளர்ந்தவை பாறைப் பாங்கான இடங்களை நாடுகின்றன. இதுதான் அவற்றின் பாதுகாப்பாக இருந்தது. ஹேக்குக்காக இழுக்கும் மடிவலை பாறையில் சிக்கினால் கிழிந்துவிடும் என்பதால் படகுகள் அங்கே போகமாட்டா. சேற்றுத் தரைக்கு வந்த மீன்கள் வலையில் பட்டன. பாறையிடையே கிடந்த சினை மீன்கள் தப்பின. யாரும் சட்டம் போட்டு உண்டாக்காத சரணாலயம் அது.

1983இல் ஹேக் பிடிக்கவென்று ஆயிரங்கால் தூண்டிலுக்குச் சோதனை அனுமதி கிடைத்தது. ஒரே கயிற்றில் ஆயிரக்கணக்கான கொக்கிகளைக் கடலடியில் இறக்கும் முறை இது. பாறை இதற்குத் தடையே இல்லை. கூடுதல் விலை கிடைத்த கிங்கிளிப்பையே படகுகள் தேடத் தொடங்கின. அதிலும் தென்கிழக்குக் கரையில் முட்டையிடக் கூடும் கூட்டங்கள் அவற்றின் கண்ணில் பட்டன. 1986இல் மொத்த மீன்பாடு 10,000 டன்னைத் தாண்டியது.

அந்த எண்தான் ஏமாற்றியது. எங்கெங்கோ வாழும் மீன்கள் இனப்பெருக்கத்துக்காக ஓரிடத்தில் கூடுகின்றன. இருப்பு பாதியாகக் குறைந்தாலும் கூட்டத்தின் நடுவே தூண்டில் போடுபவருக்கு நல்ல பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும். கணக்கில் சரிவு தெரிவதற்குள் முட்டையிட வேண்டிய பெரிய மீன்கள் போய்விட்டிருக்கும். மெதுவாக முதிரும் இனத்தில் அந்த இடத்தை நிரப்ப அடுத்த ஆண்டுக் குஞ்சுகளால் முடியாது. மீன்பாடு சரிந்தது, 1990இல் அந்தச் சோதனை முறையை மூடினார்கள்.

கிங்கிளிப் பிடிப்பதோ அதோடு நிற்கவில்லை. மடிவலையில் அது தொடர்ந்து படுகிறது. 1994இல் ஹேக்குக்கான ஆயிரங்கால் தூண்டில் திரும்ப வந்தது. 'தற்செயலாகச் சிக்கும்' மீன் வலையின் இலக்கைவிட விலை உயர்ந்ததாக இருக்கும்போது, தற்செயல் எங்கே முடிந்து தேடல் எங்கே தொடங்குகிறது என்று கரையிலிருந்து கண்காணிப்பது கடினம். முட்டையிடும் பருவத்தைக் காக்கத் தென்கிழக்கில் ஒரு பகுதியைச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூடுகிறார்கள். அது தேவையான நடவடிக்கை. ஆனால் மூன்று மாதம் கழிந்ததும் அந்தப் பகுதி திறந்துவிடும். அதற்கு வெளியே ஹேக்குக்காக இறங்கும் வலையிலும் கொக்கியிலும் கிங்கிளிப் ஆண்டு முழுதும் சிக்கிக்கொண்டிருக்கிறது.