பிரேக் பேடு மாற்றும்போது பேட்டரி ஒயரைக் கழற்றணுமா? பட்டனைத் தட்டினால் விரல் நசுங்கும்!

சேலம்-

காரை ஜாக்கியில் தூக்கியாச்சு. ஸ்டாண்டு கொடுத்தாச்சு. சக்கரத்தையும் கழற்றியாச்சு. பிரேக் பேடு தேய்ந்து தகடாய்க் கிடக்கிறது. புதுசு மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் கேள்வி வருகிறது: "அண்ணே, பேட்டரி ஒயரைக் கழட்டணுமா, வேண்டாமா?"

சின்னக் கேள்விதான். பதில் தெரியாமல் கையை விட்டால் விரல் போகும். இல்லாவிட்டால் பணம் போகும்.

ரேஸ் ஆசை

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. அதற்கு முன் ரேஸ் என்றால் சென்னைப் பக்கம்தான். முதலில் சோழவரம், 1990-ல் இருந்து இருங்காட்டுக்கோட்டை. இப்போது சேலம், நாமக்கல் வாலிபர்கள் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் செட்டிபாளையம் போய்விடலாம்.

ஆனால் ஊருக்குள் ஓட்டும் பேடு ரேஸ் தளத்தில் தாங்காது. நேர் பாதையில் பறந்து வந்து வளைவில் ஓங்கி மிதி. மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவில் மறுபடியும் மிதி. சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஒரு தீய்ந்த வாடை அடிக்குமே, அதே கதைதான். கொல்லிமலையின் 70 வளைவு என்றால் கேட்கவே வேண்டாம்!

அதனால்தான் சூடு தாங்கும் தனிப் பேடு மாட்டுகிறார்கள். கூடவே பிரேக் ஆயிலும் மாற்றணும். புது டாட்-3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட்-4 என்றால் 230 டிகிரி. ஈரம் ஏறிய பழைய டாட்-3, 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

ரேஸ் பேடுக்கு இன்னொரு குணம் உண்டு. சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். வீடு திரும்பும்போது பழையபடி சாதாப் பேடு மாட்டணும். ஒரே நாளில் இரண்டு தடவை கழற்றல், அதுவும் அவசரத்தில்!

கேபிளா, பட்டனா?

கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள சாதாரண கார் என்றால் பேட்டரியைத் தொடத் தேவையில்லை. அங்கே பேடை அழுத்துவது ஆயில். சாவியை எடுத்துவிட்டால் போதும். வீணாக ஒயரைக் கழற்றினால் கடிகாரம் தப்பாகும், சில கார்களில் ரேடியோ ரகசிய எண் கேட்கும்.

விவகாரம் எல்லாம் பட்டன் ஹேண்ட் பிரேக்கில்தான். இந்த வகையில் பெரும்பாலும் பின் சக்கர பிரேக்கிலேயே குட்டி மோட்டார் இருக்கும். பட்டனைத் தட்டினால் மோட்டார் சுற்றி பேடை இறுக்கும். கீழே ஒருவர் கையை விட்டிருக்கும்போது மேலே பையன் சும்மா பட்டனைத் தட்டினால் என்ன ஆகும்?

சரி, உடனே பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிடலாமா? அதுவும் தப்பு! பிரேக் இறுகி இருக்கும்போது கரண்டை நிறுத்தினால் மோட்டார் அப்படியே நின்றுவிடும். கிளாம்ப் வைத்து நெம்பினால் உள்ளே இருக்கும் பல் உடையும். அதற்கப்புறம் செலவு பேடோடு நிற்காது.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை போடணும். பிறகு ஸ்கேனர் கருவி மூலமோ, கம்பெனி புத்தகத்தில் சொன்ன முறையிலோ 'சர்வீஸ்' நிலைக்குக் கொண்டு வந்தால் மோட்டார் தானே பின்வாங்கும். அதற்குப் பிறகுதான் ஒயர் பேச்சு. அதுவும் அந்தக் காரின் புத்தகம் கழற்றச் சொன்னால் மட்டும்.

கதவைத் திறந்தாலே!

2000-களின் தொடக்கத்தில் வந்த சில பென்ஸ் கார்கள் இன்னும் மோசம். கதவைத் திறந்தாலே பிரேக் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். அதைச் செயல் இழக்கச் செய்யாமல் பேடு பக்கம் விரலைக் கொண்டு போகக் கூடாது.

எந்த ஒயர் முதலில்?

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது கடைசியில். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கையில் மோதிரம் இருந்தால் பழுக்கக் காய்ந்து தோலைச் சுடும். 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் ஆகாது.

நாமக்கல் பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 2020-ல் பி.எஸ்.-6 வந்த பிறகு லாரிக்குள் ஏகப்பட்ட கம்ப்யூட்டர் பெட்டி. பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அது கருகக்கூடும்.

பெடலை மிதிக்காமல் எடுக்காதே!

இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு கோட்டை விடுவது கடைசியில்தான். புதுப் பேடு மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். பேடுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி. அப்படியே காரை எடுத்தால் முதல் மிதி தரை வரை போகும், கார் நிற்காது! எதிரே சுவர் இருக்கிறதோ, ஆள் இருக்கிறாரோ.

ஒயரைத் திரும்ப மாட்டி, 'சர்வீஸ்' நிலையை முடித்து, பெடல் கல் மாதிரி ஆகும் வரை மிதிக்கணும். ஆயில் மட்டத்தையும் ஒரு தடவை பார்க்கணும். பிறகு சமதரையில் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பார்த்த பின்னர்தான் ரோட்டுக்கு.