மணியும் அடுக்களையும்

திருச்சியில் தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் வின்சுலோ அகராதியைப் புரட்டாமல் தப்பித்திருக்க முடியாது. 1862இல் சென்னையில் அச்சான தமிழ் - ஆங்கில அகராதி. 67,000க்கு மேல் சொற்கள். சங்கப்பாட்டில் ஒரு சொல்லுக்குப் பொருள் தட்டினால் வாத்தியார்கள் அதைத்தான் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தொகுத்த மைரன் வின்சுலோ 1836இல் சென்னைக்கு வருவதற்குமுன் யாழ்ப்பாணத்து உடுவிலில் இருந்தார் என்பது இலக்கிய வரலாற்றில் ஒரு வரியாக வரும். அதே உடுவில் மிஷன் வளவில் அவருடைய மனைவி ஹாரியட் 1824இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கி நடத்தினார் என்பது அந்த ஒரு வரியிலும் வராது. சொற்களைத் தொகுத்தவருக்கு வரலாறு இருக்கிறது. சோறு போட்டு, தலைவாரி, மணியடித்து, அகரம் சொல்லிக்கொடுத்தவருக்கு 1835இல் கணவர் எழுதிய ஒரு நினைவு நூல் இருக்கிறது. அதில் வருவதும் பெரும்பாலும் அவருடைய ஆத்துமாதான், அவருடைய நாள் இல்லை.

நாள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? மிஷனரிகளைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டவர்களுக்கு விடிவெள்ளி என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும், கிடைத்துக்கொண்டும் இருக்கிறது. (ஹாரியட்டின் மகள் வழியில் வந்த கொள்ளுப்பேரர்கள்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் சி.ஐ.ஏ.வுக்குத் தலைமை வகித்த ஆலன் டல்லஸும். நம் தோழர்களில் சிலருக்கு இது ஒன்றே போதும், கட்டுரையை இங்கேயே மூடிவிடுவார்கள்.) ஆனால் இரண்டு பேச்சுமே மதம் மாறினார்களா இல்லையா என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு மிஷனரி ஆசிரியை காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும்வரை என்ன செய்தார், அவரோடு இருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் விஷயம் வேறு இடத்தில் போய் நிற்கிறது. அடுக்களையில்.

உடுவில் பள்ளியின் தொடக்கம் பற்றி மிஷன் நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. பெண்பிள்ளைகளை அனுப்ப எவரும் சம்மதிக்கவில்லை. இரண்டு சிறுமிகள் மட்டும் மிஷன் வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பதும் ஓடுவதுமாக இருந்தார்கள். ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டது. இருட்டிவிட்டது, வீட்டுக்குத் திரும்ப வழியில்லை, பசி. கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். பிறகு வந்த பெற்றோர், எங்கள் பிள்ளை உங்கள் வீட்டில் கைநனைத்துவிட்டாள், சாதி கெட்டது, இனி எவன் கட்டுவான், நீங்களே வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கதை இவ்வளவுதான். அப்படியே நடந்ததா, சொல்லிச் சொல்லி உருண்டையாக்கப்பட்டதா என்பது முக்கியமில்லை. பள்ளிக்கூடத்தின் தோற்றக் கதையில் பலகை இல்லை, ஏடு இல்லை, சோறுதான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து, எச்சில், மடி என்று ஒரு வீட்டின் நாள் முழுவதும் அடுக்களையிலிருந்துதான் வகுக்கப்படுகிறது. யார் எந்தப் பாத்திரத்தைத் தொடலாம், எந்த நேரத்தில் தொடலாம், தொட்டால் எங்கே போய்க் குளிக்க வேண்டும் என்பதை ஒரு பெண் பத்து வயசுக்குள் மனப்பாடம் செய்துவிடுவாள். அதுவும் ஒரு கால அட்டவணைதான். மிஷன் பள்ளிக்கூடம் வெற்றிடத்தில் போய் மணி கட்டவில்லை. ஏற்கனவே இருந்த ஒரு மணிக்கு எதிராக இன்னொன்றைக் கட்டியது.

ஹாரியட் 1833 ஜனவரியில் செத்துப்போனார், வயது 36. பள்ளி ஸ்போல்டிங் தம்பதியரிடம் போனது. 1840இல் எலைசா ஆக்னியூ வந்து சேர்ந்தார். நியூயார்க்கில் 1807இல் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள வகுப்பில் தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிஷனரி ஆகவேண்டும் என்று தீர்மானித்ததாகச் சொல்வார்கள். பெற்றோர் இருந்தவரை அவர்களைக் கவனித்துக்கொண்டு, அவர்கள் போனபின் முப்பது தாண்டிய வயதில் கப்பலேறினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1879வரை உடுவிலில் வேலை. 1883இல் மானிப்பாயில் மரணம். இடையில் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. ஏன் ஓய்வுக்கு அமெரிக்கா போகவில்லை என்று கேட்டதற்கு, நேரமில்லை என்று பதில் சொன்னதாக லீச் சகோதரிகள் 1890இல் வெளியிட்ட நூல் பதிவு செய்கிறது. நாற்பது வருஷமாக நேரமில்லை!

அந்த நேரம் எங்கே போயிற்று? காலையும் மாலையும் ஜெபம். வேதபாடம், தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல். பிள்ளைகள் பள்ளியிலேயே குடியிருந்தபடியால் பாடம் முடிந்தாலும் ஆசிரியையின் வேலை முடியாது. காய்ச்சல், பேன், சண்டை, வீட்டு நினைப்பில் அழுகை எல்லாம் அவர் தலையில்தான். விடுமுறை என்றால் பழைய மாணவிகளின் ஊர்களுக்குப் போய் வீடு வீடாகப் பார்ப்பார். கடைசியில் முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும், பேத்திகளுக்கும்கூடப் பாடம் சொன்னார். 1000க்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள், 600க்கு மேற்பட்டோர் சபையில் சேர்ந்தார்கள் என்பது மிஷன் கணக்கு. 'ஆயிரம் மகள்களின் தாய்' என்ற பட்டம் இதிலிருந்து வந்தது.

இங்கே ஃபூக்கோவைக் கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். மடாலயத்தின் கால அட்டவணை பாசறைக்கும் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் பரவி உடல்களைப் பணியவைத்த கதை நமக்குத் தெரிந்ததுதான். பொருந்தவும் செய்கிறது. ஆனால் முழுசாகப் பொருந்தவில்லை. பருவமெய்துமுன்பே வேறொரு வீட்டு அடுக்களைக்குப் போய்ச் சேரவேண்டிய ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூட மணி என்னவாகக் கேட்டிருக்கும்? கட்டளையாகவா, அவகாசமாகவா? இரண்டும் கலந்துதான் கேட்டிருக்க வேண்டும். ஒழுங்கு என்று நாம் கோட்பாட்டில் திட்டுகிற ஒன்று, சில வருஷங்களுக்குத் தன் நாளைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கிடைத்த சந்தாகவும் இருந்திருக்கும். தையலுக்கும் இது பொருந்தும். அடக்க ஒடுக்கம் கற்பிக்கிற வேலை என்று எழுதித் தள்ளிவிடலாம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1821இல் தொடங்கிய லேஸ் வேலையில், பின்னிச் சம்பாதித்த காசைக் கட்டித் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. அந்த ஊசி வேறு, இந்த ஊசி வேறு என்று சொல்ல முடியுமா?

மணியடித்தவருடைய நிலைமையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கன் போர்டின் பட்டியல்களில் மிஷனரி என்றால் ஆண்தான். மனைவிமாரும் தனியாக வந்த பெண்களும் 'உதவி மிஷனரிகள்'. தன் ஊரில் பிரசங்க மேடை ஏற முடியாத, ஓட்டுரிமை இல்லாத ஒரு பெண்ணுக்கு உடுவிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மீது அதிகாரம் கிடைத்தது. சுதந்திரம் அவருக்குக் கிடைத்த இடம் காலனி. இதைச் சொல்வது அவரைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. தாய் என்ற பட்டத்துக்கு உள்ளே இதுவும் இருக்கிறது.

தாய்மைக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பெயர். அமெரிக்காவில் யாராவது ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், கொடுத்தவர் விரும்புகிற பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பது மிஷன் வழக்கம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்று ஈழத்துப் புலவர் வரலாற்றில் படிக்கிறோமே, அந்த முன்பாதிகள் இப்படி வந்தவைதான். ஆண்களுக்காவது பின்பாதி தங்கியது. பெண்களில் பலர் மிஷன் பதிவேட்டில் யாரோ ஒரு நியூ இங்கிலாந்துச் சீமாட்டியின் பெயரோடு நுழைந்து, பிறகு இன்னாரின் மனைவி என்று வெளியேறினார்கள். இரண்டு பெயரிலும் அவர்கள் இல்லை. இரண்டாவது, சீதனம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவனைக் கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் பெண் கரையேற மாட்டாள், மாப்பிள்ளை வெளியே போனால் பெண் மறுபடி கோயிலுக்குப் போய்விடுவாள் என்பது அவர்கள் கணக்கு. விடுதலை கொடுக்க வந்த பள்ளிக்கூடம் மாப்பிள்ளைச் சந்தையில் ஒரு தரகராக உட்கார்ந்ததை யாரும் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. 1855இல் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் வந்து பார்வையிட்டபின் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது, உடுவிலில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. போதகருக்கும் உபாத்தியாயருக்கும் மனைவியாகப் போகிறவளுக்குத் தமிழ் போதும் என்ற நியாயம்தான். அவர்களுடைய படிப்பின் எல்லையை வருங்காலப் புருஷனை வைத்துத்தான் அளந்தார்கள்.

இப்போது அடுக்களை. வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சாப்பிட மறுத்தபோது, பக்கத்தில் சைவர் ஒருவருடைய நிலத்தில் சாப்பாட்டுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். கிரேக்கமும் வானசாஸ்திரமும் கற்பித்தவர்கள் சோற்றுக் கொட்டகைக்கு வேலி தாண்ட வேண்டியிருந்தது. சாதி பாவம் என்று அறிக்கை எழுதினார்கள். சேர்ந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளாளர். அப்படிச் சேர்ந்தவர்கள் விலகிப் போகாமலிருக்க நாளொழுங்கில் இடம்விட்டுக் கொடுத்தார்கள். இது நூறு வருஷம் கழித்து வெடித்தது. 1929-30இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். சம ஆசனம், சம போசனம் என்று இரண்டையும் சேர்த்தே அன்று பேசினார்கள். பெஞ்சியில் உட்காருவதற்கும் இலையில் உட்காருவதற்கும் உள்ள உறவு கொளுத்தியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதே அமெரிக்கன் போர்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1869இல் இனாந்தா என்ற இடத்தில் ஸூலு பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. 1868இல் பாஸ்டனில் பெண்கள் தங்களுக்கென்று தனி மிஷன் போர்டு அமைத்து முதலில் பொறுப்பேற்று அனுப்பிய மேரி எட்வர்ட்ஸ் என்ற விதவைதான் அங்கே தலைமை ஆசிரியை. 1927இல் சாகும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. இன்னொரு ஆக்னியூ! அங்கேயும் ஜெபம், தையல், வேதபாடம். கூடவே தோட்டத்தில் மண்வெட்டி, துணி துவைப்பு. மாட்டுக்குப் பேசி முடித்த கல்யாணத்திலிருந்து ஓடிவந்த பெண்கள் அந்தப் பள்ளியில் அடைக்கலம் புகுந்தார்கள். அப்பன் தேடி வந்து வாசலில் நிற்பான். ஆசிரியை பதில் சொல்ல வேண்டும். அதுவும் அன்றாட வேலைகளில் ஒன்று. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கிக் கொண்டுபோகப்பட்ட நம் ஒப்பந்தக் கூலிகள் வெட்டிய கரும்பு விளைந்தது அதே நேட்டால் கடற்கரைச் சீமையில்தான். கரும்புத் தோட்டத்திலும் மணியடித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள்.

நம்மவர் எதிர்வினைக்கு வருவோம். மிஷன் பள்ளியில் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சைவர்கள் பதறினார்கள். 1913இல் பொன்னம்பலம் இராமநாதன், உடுவிலுக்குப் பக்கத்திலேயே மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். அதை நடத்த அவர் லண்டனிலிருந்து அழைத்து வந்தது யாரை? ஃப்ளாரன்ஸ் ஃபாரை. பெர்னார்ட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர்; யேட்ஸின் கவிதைகளை நரம்புக் கருவியோடு இசைத்துக் காட்டியவர்; யேட்ஸ் பிற்பாடு ஒரு கவிதையில் அவரை நினைத்துக்கொண்டதும் இந்தப் பள்ளி வாழ்க்கையை வைத்துத்தான். ஐம்பது தாண்டிய வயதில் 1912இல் வந்தவர் 1917இல் கொழும்பில் புற்றுநோயில் இறந்தார். குமாரி ஜெயவர்த்தன 1995இல் எழுதிய, தெற்காசியாவுக்கு வந்த வெள்ளைப் பெண்கள் பற்றிய நூலில் இவரும் வருகிறார். பைபிள் போய்த் தேவாரம் வந்தது. விடுதி இருந்தது, மணி இருந்தது, மேசை தலைப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் இருந்தார். பெண்களுக்குப் பள்ளி கட்டிய இதே இராமநாதன்தான் 1920களின் கடைசியில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று சட்டசபையில் வாதாடினார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. நல்ல மனைவியை உருவாக்குவதுதான் நோக்கம் என்றால் இரண்டு காரியமும் ஒத்துத்தான் போகும். ஆண்டர்சனும் இராமநாதனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். சாப்பிட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

இது யாழ்ப்பாணத்தோடு முடிகிற சங்கதியும் இல்லை. மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834இல் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து வந்துதான். திருச்சியில் சிலுவைக் கன்னியர் 1923இல் ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள்; சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951இல் வந்தது. ஒன்றுக்கு மற்றொன்று பதிலடி என்று நான் சொல்ல வரவில்லை. காவிரிப் பாலம் தாண்டிப் படிக்க வந்த பெண்கள் எத்தனை தலைமுறை! அவர்கள் எந்த மணிக்கு எழுந்தார்கள், டிபன் கேரியரில் இருந்ததை யாரோடு பங்கு போட்டார்கள், யாரோடு போடவில்லை, வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே நுழையுமுன் குளிக்கச் சொன்னார்களா என்று ஒரு பக்கமாவது நம் பெண் கல்வி வரலாறுகளில் உண்டா?

உடுவிலைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் ஆசிரியைகள் தரப்பு எழுத்து. கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை, அமெரிக்காவில் உண்டியல் குலுக்க எழுதப்பட்ட நூல். அதில் ஆயிரம் பெண்கள் ஒரு எண்ணாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்கள் எண்ணாகக்கூட இல்லை. ஆனால் 1983க்குப் பிறகு வந்த ஈழத்துக் குடும்பங்கள் திருச்சியில் கொஞ்சமில்லை. கொட்டப்பட்டு முகாமிலும் சரி, நகருக்குள் வாடகை வீடுகளிலும் சரி, உடுவிலில் படித்த அம்மம்மாவைப் பற்றிப் பேசக்கூடிய வயசாளிகள் இருப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகிற நண்பர்கள் கடவுளைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் முதலில் கேட்காதீர்கள். பதில் தயாராக வைத்திருப்பார்கள். விடுதியில் மணியடித்தது யார், வாளியில் தண்ணீர் அள்ளியது யார், உலை வைத்தது எந்தச் சாதி, மிச்சச் சோறு யாருக்குப் போனது என்று கேளுங்கள்.