மெழுகுதிரிச் சுடரில் ஓடும் பொறி

சோடா குடித்து முடித்த வெற்று ரின்னை நாம் என்ன செய்கிறோம்? வேலிக்கு அப்பால் எறிந்துவிடுகிறோம். அந்த ரின், மெழுகுதிரிச் சுடரின்மேல் அமர்ந்து சக்கரமொன்றைச் சுழற்றும் என்றால் வாசகர்கள் எம்மை ஐயுறவே செய்வர். ஆயினும் அது சுழற்றும். பெற்றோலும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. உள்ளே அடைபட்ட காற்றே போதும்.

இந்தச் சூட்டுக்காற்றுப் பொறியை ஆக்கியவர் ஸ்கொத்லாந்து தேசத்துப் பாதிரியார் றொபேட் ஸ்டேர்லிங். 1816ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். 1818இல் அவருடைய பொறியொன்று கல்லுடைக்கும் குழியொன்றில் நீர் இறைத்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதே அவருடைய பெருங்கவலையாயிருந்தது.

காற்று சூடேறினால் விரியும், குளிர்ந்தால் ஒடுங்கும். சூட்சுமம் இவ்வளவே. ரின்னின் அடி சுடரில் காய்கிறது. மேற்பகுதி ஈரத்துணியால் குளிர்கிறது. உள்ளே தளர்வாக ஓர் உருளை ஏறியிறங்குகிறது. அது மேலே ஏறும்போது காற்று கீழே ஒதுங்கிச் சூடேறி விரிகிறது. கீழே இறங்கும்போது காற்று மேலே சென்று குளிர்கிறது. இவ்விரிவும் ஒடுக்கமும் பலூன் தோலொன்றைத் தள்ளியும் இழுத்தும் சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரமே உருளையை மீண்டும் தூக்குகிறது.

வீட்டுப் பொருளைக் கொண்டு வேலை வாங்குவது மல்லாவி மக்களுக்குப் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையினால் வன்னியிலே எரிபொருளும் பற்றரியும் அருகியபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். அந்நாளில் நமது ரின் பொறி கைக்கு ஓய்வு தந்திருக்குமா? தந்திராது. சைக்கிள் டைனமோ சாதாரணமாக 6 வோல்ற்றில் 3 வாற் மின்சாரம் தருவது. ரின் பொறியின் வலு அதில் ஒரு சிறு பின்னமே. இதைச் சொல்லாமல் விட்டு வீணாசை காட்டுவது முறையன்று.

ஆனால் பெரிதாகச் செய்தால் கதை வேறு. மின்சாரமில்லாத இடங்களில் வானொலி இயங்கவேண்டுமென்றே ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் இப்பொறியைக் கையிலெடுத்தது. 1950களின் தொடக்கத்தில் 200 வாற் அளவில் ஏறக்குறைய 150 பொறிகள் செய்யப்பட்டன. பற்றரி வானொலிகள் மலிந்தமையால் அவை விலைபோகவில்லை. 1980களில் பங்களாதேசத்தில் நெல்லுமியை எரித்து ஓட்டும் பொறிகளையும் செய்து பார்த்தனர். தீ வெளியே எரிவதால் உமியோ விறகோ எதுவாயினும் இப்பொறிக்கு ஒன்றே. வவுனிக்குளத்து நீரில் நெல் விளைவிப்போர் இதைக் கவனிக்கத்தக்கது. பாரமும் விலையும் கூடுதல் என்பதே இதன் பெருங்குறை.

இனி, பிள்ளைகளின் ரின்னுக்கு வருவோம். பாத்திரம் துலக்கும் இரும்புநாரை இறுகச் சுருட்டினால் உருளை தயார். சுவரில் உராயாதபடி சுற்றிவர ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். உருளையைத் தங்கூசியில் கட்டி, மூடியின் ஊசித்துளை வழியே மேலே எடுக்கவேண்டும். ரின்னின் மேற்பக்கத்தில் துளையிட்டுச் சிறு குழாய் பொருத்தி, அதன் வாயிலே பலூன் தோலைக் கட்டுக. தோலின் இருபுறமும் சட்டைப் பொத்தான் வைத்துக் கம்பியைப் பிணைக்கலாம். சைக்கிள் சில்லுக் கம்பியை வளைத்து அச்சாக்கி, பழைய சீடித் தட்டுகளைச் சக்கரமாக மாட்டலாம். அச்சிலே உருளைக்கும் பலூனுக்கும் உரிய இரு வளைவுகளும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்றல் வேண்டும். இதிலேதான் பலர் சறுக்குகின்றனர்.

காற்றுக் கசிவும் உராய்வுமே இதன் பகைவர். முதல் முயற்சியிலேயே ஓடுவது அருமை. வெட்டிய தகர விளிம்பு கத்திக்கு நிகர், சுடரும் உண்டு. ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்திலே இருக்கட்டும். அடி நன்றாகக் காய்ந்தபின் சக்கரத்தை விரலாற் தட்டிவிடுக, தானாகப் புறப்படாது. அடம்பிடித்தால் மறுபக்கமாகச் சுழற்றிப் பாருங்கள். அது ஒரு திசையில் மட்டுமே ஓடும்.