கொலையும் நகைச்சுவையும்

கொலைக் கதையை வாசித்துச் சிரிப்பது தகுமா என்று வினவும் பெரியோர் உளர். பாடப்புத்தகத்தினுள்ளே துப்பறியுங் கதையை மறைத்து வைத்து வாசித்து அகப்பட்ட மாணவர் எத்துணையோ பேர். அதனைப் பறித்த ஆசிரியர் அன்றிரவே அதை வாசித்து முடித்தார் என்பதும் பழைய மாணவர் அறிந்த இரகசியமே. ஆகவே அவ்வினாவை இம்மலரிற் சிறிது ஆராய்வது புறம்பான காரியமன்று.

ஆங்கிலத்திலே ‘கோசி’ எனப் பெயர் பெற்ற ஒருவகை மர்மக்கதை உண்டு. குளிருக்குக் கணப்படுப்பின் அருகே போர்வையுடன் அமர்ந்திருக்கும் இதத்தைக் குறிக்குஞ் சொல் அது. இக்கதைகளிற் கொலை நிகழும். குருதி தெறிப்பதை மட்டும் காணோம். இறப்பவர் பெரும்பாலும் எவரும் கண்ணீர் சிந்தாத ஒருவராகவே இருப்பார். துப்பறிபவரோ துப்பாக்கி ஏந்திய வீரரல்லர். அயலாரின் நடப்பை யன்னல் வழியே நோக்கும் முதியவராகவோ, ஊராரால் ஒரு பொருட்டாக மதிக்கப்படாத எளியவராகவோ இருப்பார். அகதா கிறிஸ்ரியின் படைப்பாய் 1930 ஆம் ஆண்டில் நாவலுலகிற் புகுந்த மிஸ் மார்ப்பிள் இவர்களுக்கெல்லாம் பாட்டி முறையானவர்.

இவ்வகைக் கதைகள் உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்கும் சிற்றூர்களை நாடிச் செல்வதற்குத் தக்க காரணம் உண்டு. தனிக் கிராமத்திலே ஒவ்வொருவரின் வரலாறும் மற்றவர்க்குப் பாடம். அங்கே மர்மத்துக்கு இடம் குறைவு. பெருநகரிலோ எவரையும் எவரும் அறியார். அங்கே வம்புக்கு இடமில்லை. வம்பில்லையேற் சிரிப்பும் இல்லை. பிரயாணிகள் வரும் ஊரிலே இவ்விரண்டும் ஒருங்கே அமைகின்றன. ஒருவரையொருவர் அளவுக்கு மிஞ்சி அறிந்த ஊரார் ஒருபுறம்; தாம் இன்னார் என்று தாமே சொன்னாலன்றி அறிய முடியாத விருந்தினர் மறுபுறம். ஊராரின் ஆண்டு வருவாய் முழுவதும் சில மாதப் பருவத்திலே தங்கியிருப்பதால், பிணம் கிடந்தால் விடுதிக்காரருக்கு முதலில் எழுங் கவலை கொன்றவன் யார் என்பதன்று. அடுத்த வாரம் வருபவர்கள் வராது விட்டுவிடுவார்களோ என்பதே. நகைச்சுவை பிறக்கும் ஊற்று இதுதான்.

கிறிஸ்ரி இதனை நன்கு அறிந்தவர். இங்கிலாந்தின் தென்மேற்கிலே டெவன் கரையோரத்தில் பேர்க் தீவு என ஒரு சிறு தீவு உண்டு. வற்று நேரத்தில் மணல்மேல் நடந்தே போகலாம். பெருக்கு நேரத்தில் நீருக்கு மேலே உயர்ந்த மேடை பூட்டிய டிராக்டர் வண்டியிலேதான் போகவேண்டும். அங்குள்ள விடுதியை மனத்திற் கொண்டு அவர் எழுதிய நாவல் ஒன்று 1941 இல் வெளிவந்தது. கடற்கரையில் வரிசையாகக் கிடந்து வெயில் காயும் உல்லாசிகளைக் கண்ட பொய்ரோ, இறைச்சிக்கடைப் பலகை நினைவுக்கு வருவதாகக் கூறுகிறார். ஆயினும் கிறிஸ்ரியிடம் சிரிப்பு உணவின் உப்பளவே. அதனையே உணவாக்கிப் பரிமாறியவர் வேறொரு மாது.

மரியன் செஸ்னி என்பது அவர் இயற்பெயர். 1936 இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். புத்தகக்கடையில் வேலை பார்த்தார். பின்னர்ப் பத்திரிகைக்குக் குற்றச்செய்திகள் திரட்டினார். வெவ்வேறு புனைபெயர்களிற் காதற் கதைகளை நூறுக்கு மேல் எழுதிக் குவித்தார். கணவரோடு ஸ்கொத்லாந்தின் வடகோடியிலுள்ள சதலண்ட் பகுதிக்குச் சென்று, தூண்டில் வீசக் கற்பிக்கும் வகுப்பொன்றிற் சேர்ந்தார். முன்பின் அறியாதவர் சிலர், நாள் முழுவதும் குளிர்ந்த நீரில் நின்று, மாலையிலே ஒரே மேசையிலிருந்து உண்ணும் அந்தக் கூட்டத்தைக் கண்டவுடன் கொலைக்கு ஏற்ற களம் இதுவென அவர் மனம் கூறியிருக்கிறது. (குற்றச்செய்தி எழுதியவர் வேறெதைக் காண்பார்!) எம்.சி. பீற்றன் என்ற பெயரில், ஹமிஷ் மக்பெத் என்னும் பொலிஸ் கொன்ஸ்டபிளை நாயகனாகக் கொண்ட முதல் நாவலை 1985 இல் வெளியிட்டார்.

கதை நிகழும் லொக்டூ கற்பனைக் கிராமம். அங்கே மீன்பிடி கற்க வந்தோருள் ஒருத்தி, பிறர் இரகசியங்களைப் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவள். உடன் பயிலும் ஒவ்வொருவரின் பழைய குறையையும் அறிந்துகொண்டு சாடையாகக் குத்துகிறாள். பின்னர் அவள் நீரிலே பிணமாகக் கிடக்கிறாள். வருத்தப்படுவோர் அரிது, சந்தேகத்துக்குரியோர் மலிவு.

ஹமிஷை வீரன் என்று சொல்ல முடியாது. சட்டத்தைக் காக்கவேண்டியவனே பிறர் ஆற்றிற் களவாகச் சமன் மீன் பிடிக்கிறான், கோழி வளர்க்கிறான், எவர் வீட்டிலேனும் கோப்பி மணந்தால் அங்கே விசாரணை அவசியமாகிவிடும். இச்சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. அவன் தலைமகன், பெற்றோருக்கும் இளையோர் அறுவருக்கும் பணம் அனுப்பவேண்டியவன். கொலையின் முடிச்சை அவனே அவிழ்க்கிறான். ஆனால் நகரிலிருந்து வந்து அதட்டும் பிளேயர் என்ற மேலதிகாரிக்கே புகழை விட்டுக்கொடுக்கிறான். புகழ் வந்தாற் பதவி உயரும். பதவி உயர்ந்தால் லொக்டூவை விட்டுப் போகவேண்டும். உத்தியோக உயர்வுக்காக ஊர் விட்டு ஊர் சென்ற நம்மில் அநேகர்க்கு இவன் அறிவிலியாகத் தோன்றக்கூடும். சிறிது பொறாமையும் எழக்கூடும்.

இவ்விடத்திலேதான் சிரிப்பின் அடியிற் கிடக்கும் கனம் புலப்படுகின்றது. சதலண்ட் வெறும் அழகிய மலைநாடன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டுப்பண்ணையால் வரும் இலாபத்தை நாடிய நிலவுடைமையாளர், அங்கிருந்த குடியானவர்களைப் பரம்பரை நிலங்களினின்றும் வெளியேற்றினர். மீண்டும் குடிபுகாதவாறு வீடுகளுக்குத் தீயிட்டதும் உண்டு. சிலர் கரையோரத்துத் துண்டு நிலங்களிலே ஒதுங்கினர். சிலர் கடல் கடந்து கனடாவுக்குச் சென்றனர். இன்று பிரயாணிகள் ஏகாந்தம் என்று வியக்கும் பள்ளத்தாக்குகளுட் பல, ஒருகாலத்தில் மக்கள் வாழ்ந்த ஊர்கள். அத்தகைய நாட்டிலே ஒருவன் “நான் போகமாட்டேன்” என்று சொல்வது சோம்பல் மட்டுமன்று.

இதனை வெளிப்படையாகச் சொல்லாமற் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது 1990 இல் வந்த ஒரு நாவல். குற்றமே அரிதான ஊருக்குப் பொலிஸ் நிலையம் எதற்கு என்று அதிகாரிகள் அதை மூடி, ஹமிஷை நகருக்கு மாற்றிவிடுகின்றனர். ஊரார் கூட்டங் கூடுகின்றனர். மனு எழுதவில்லை, அதைவிட நல்ல வழி அவர்களுக்குத் தெரியும். குற்றம் இல்லாமையே குறையென்றால் அக்குறையைத் தாமே நீக்குவதென முடிவு செய்கின்றனர். அதுவரை ஒழுங்காக வாழ்ந்த மக்கள் குற்றங்களைப் பெருக்கிக் காட்ட, ஹமிஷ் திரும்பி வருகிறான். அரசாங்க அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தி அலுத்தவர்கள் இப்பகுதியை வாய்விட்டுச் சிரித்தே வாசிப்பர்.

பின்னர் ஆசிரியை இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியிற் குடியேறினார். ஒருமுறை, மகனின் பள்ளிக்கூடத் தர்ம விற்பனைக்கு வீட்டுப் பலகாரம் செய்து தரும்படி கேட்டபொழுது, கடையில் இரண்டு ‘கீஷ்’ வாங்கி, கைவேலைபோற் கோணலாகப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டார். பெரும் பாராட்டுக் கிடைத்தது! முட்டையும் பாலாடைக்கட்டியும் இட்டுச் சுடும் அப்பலகாரமே 1992 இல் அகதா ரெய்சின் என்னும் நாயகியின் முதற் கதையாயிற்று. இலண்டன் தொழிலை விட்டுக் கிராமத்துக்கு வந்த அகதா, கடைக் கீஷைத் தன் கைப்பண்டமென்று போட்டிக்கு வைக்கிறாள். அதை உண்ட நடுவர் நஞ்சேறி இறக்கிறார். கொலைப்பழியினின்று தப்புவதற்கு அவள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, தனக்குச் சமையல் தெரியாது என்பதை. எது பெரிய அவமானம் என்பதை அக்கிராமத்தார் முகத்திலேயே காணலாம். எனினும் ஹமிஷின் கதைகளில் உள்ள நிலத்தின் மணம் இவற்றிற் குறைவென்பது என் கருத்து.

இக்கதைகளுக்கு ஒரு குறையும் உண்டு. செஸ்னி 2019 டிசம்பரிற் காலமாவதற்குள் ஹமிஷ் நாவல்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. இத்துணைக் கொலைகள் நிகழ்ந்த சிற்றூருக்கு மேலும் பிரயாணிகள் வருவார்களா என்று கணக்கறிந்த வாசகர் கேட்பர். பீ.பீ.சி. நிறுவனம் 1995 முதல் 1997 வரை ரொபேட் கார்லைல் என்னும் நடிகரைக் கொண்டு ஹமிஷின் கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியபொழுது, லொக்டூவாக நின்றது ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிளொக்டன் என்னும் மெய்யான கிராமம். அதன்பின் அவ்வூர் விடுதிகளைத் தேடிப் பிரயாணிகள் முன்னையினும் மிகுதியாக வரலாயினர்.