காப்பியில் பச்சைச் செதில் பூச்சி: முதலில் எறும்பைக் கவனியுங்கள்

காப்பிச் செடியில் எறும்புகள் ஏறி இறங்குகின்றனவா? இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டி, பச்சை நிறத்தில் தட்டையாக, அசையாமல் இருப்பவை செதில் பூச்சிகள். சாற்றை உறிஞ்சி இவை கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் காவல் இருந்து, இவற்றைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டுகின்றன. அந்த நீர் படிந்த இலையில் கரும்பூசணம் படரும், இளங்கன்றுகள் நலிந்துவிடும்.

ஆகவே களை நீக்கி, தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்து எறும்பின் வழியை அடைக்கவும். மழைக்காலத்தில் பூச்சியைச் சுற்றி வெள்ளை வளையமாகத் தோன்றும் பூசணம் பூச்சியைக் கொல்வது. அதைக் கண்டு மிரண்டு மருந்து தெளிக்க வேண்டாம்.

இப்பூச்சிக்கென்றே 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த கிரிப்டோலேமஸ் வண்டு மாவுப்பூச்சியைத்தான் அதிகம் விரும்புகிறது. அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. பூச்சி மிகுந்தால், தாக்குண்ட செடிகளுக்கு மட்டும், இலையின் அடிப்புறம் நனையுமாறு மருந்தடித்தால் போதும்.