தோட்டத்தில் பிறந்த தந்தி!

தந்தி என்றதும், 'சாமுவேல் மோர்ஸ்' என்று சட்டென்று சொல்வீர்கள். அவருக்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே, வீட்டுத் தோட்டத்தில் மின்சாரத் தந்தியை இயக்கிக் காட்டியவரைத் தெரியுமா, குட்டீஸ்?

அவர் பெயர் பிரான்சிஸ் ரொனால்ட்ஸ். ஊர், லண்டன் அருகிலிருந்த ஹாமர்ஸ்மித். 1816ல், தோட்டத்தில் மரச்சட்டங்களை நட்டு, அவற்றுக்கு இடையே கம்பியை முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டினார். மொத்த நீளம் 8 மைல்!

இரு முனைகளிலும் கடிகாரம்போல ஒரே வேகத்தில் சுழலும் எழுத்துத் தட்டுகள். சிறு துளை வழியே ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் தெரியும். கம்பியில் மின்னூட்டம் இருக்கும்வரை, அதில் தொங்கும் இரண்டு குட்டி நெட்டி உருண்டைகள் விலகி நிற்கும். வேண்டிய எழுத்து வந்ததும் அனுப்புபவர் மின்னூட்டத்தை நீக்குவார். மறுமுனையில் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். அங்கிருப்பவர் அந்த எழுத்தைக் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான்!

ஆவலோடு பிரிட்டிஷ் கடற்படைத் துறைக்கு எழுதினார். 'எந்தத் தந்தியும் இப்போது தேவையில்லை' என்று பதில் வந்தது. நெப்போலியனுடனான போர் முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. தவிர, மேடுகளில் பலகைகளை அசைத்துச் செய்தி சொல்லும் முறையே போதும் என்று நினைத்தார்கள்.

ரொனால்ட்ஸ் சண்டை போடவில்லை. காப்புரிமையும் வாங்கவில்லை. தான் செய்ததை எல்லாம் 1823ல் புத்தகமாக வெளியிட்டார். 1837ல் குக், வீட்ஸ்டோன் இருவரும் தந்திக்குக் காப்புரிமை பெற்றுப் புகழடைந்தார்கள்.

ரொனால்ட்ஸுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 1870ல். அப்போது அவருக்கு வயது 82!